பணியேற்பிடைக் காலம்

கேட்குதா, கேட்குதா என்று சென்னை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்குது சார், கேட்குது சார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நாங்கள் சொல்வது மட்டும் சென்னைக்குக் கேட்கவில்லை. திரையில் மாவட்டங்களெல்லாம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிக் கட்டம் கட்டமாக நிற்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நீள மேசை, மேசைமேல் மிக்சர் தட்டு, தட்டுக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள். எங்கள் கட்டம் எது என்று தேடுகிறேன். இதோ, வலது ஓரத்தில் பாதி நெற்றி, அது என்னுடையது. மீதி என்னைக் கேமரா எடுக்கவில்லை, ஒப்பந்தப் பணியாளர்களை ஓரத்தில்தான் உட்கார வைப்பார்கள். மாவட்டம் மாவட்டமாகப் பெயர் சொல்லி வருகை எடுக்கிறார்கள், பெயர் வந்ததும் மைக்கை ஆன் பண்ணி இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், மைக்கை ஆன் பண்ணத் தெரிந்தவர் டீ சொல்லப் போயிருக்கிறார். "பேசாம உள்ளேன் ஐயான்னு கத்திட்டு வீட்டுக்குக் கிளம்பிர வேண்டியதுதான் மேடம், மைக்கே வேண்டாம், மதுரை வரைக்கும் கேக்கும்" என்கிறார் பக்கத்தில் மாவட்டக் கல்வி அலுவலர் சவரிமுத்து. சிரிக்கிறேன். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளேன் ஐயா. ஒன்பதாம் வகுப்பு முத்துப்பேச்சிக்கு அந்தச் சொல் வாயிலிருந்து முழுதாக வெளியே வர, நாற்பது பிள்ளைகளும் காத்திருக்க வேண்டும். 'உள்ளே' வரைக்கும் ஒருமாதிரி வந்துவிடும், நாக்கும் தாடையும் அதுவரை ஒத்துழைக்கும். அந்த 'ன்' இருக்கிறதே, அது வராது. கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கை மேலே போகும், உதடு கோணும், பிறகு எங்கிருந்தோ ஒரு 'ன்' வந்து சேரும். அது வந்தால்தான் அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று அர்த்தம். முதலில் ஆசிரியர் காத்திருக்காமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இருங்க சார், இருங்க, அவ சொல்லிட்டுத்தான் இருக்கா என்று அவர் பக்கத்தில் நின்று நின்று நான் பழக்கினேன். அப்புறம் பிள்ளைகளே பழகிக்கொண்டார்கள், அவள் முறை வரும்போது வகுப்பு தானாக அமைதியாகும். இப்போது அவள் பெயரே பதிவேட்டில் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் அந்தப் பெயர் திரும்ப ஏற வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு இன்றைக்கு வேலை. இந்த மிக்சரும் திரையும் வணக்கங்களும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன.

ஒருவழியாகச் சென்னைக்குக் காது கேட்டுவிட்டது. 'சிறப்புக் கல்வித் திட்டம்: மாவட்ட அலுவலர்களுக்கான புதிய அறிவிப்புகள்' என்று திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சுழன்றுகொண்டு வந்து இறங்குகின்றன, யாருக்கு இந்தச் சுழற்சியில் இவ்வளவு ஆசை என்று தெரியவில்லை. விளக்குகிறவன் நிரஞ்சன், மாநில அலுவலகத்தில் ஆலோசகர், பையனுக்கு முப்பது இருக்கலாம், நல்ல பையன், ஆங்கிலத்தில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதி யாரிடமோ மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு அதைத் தமிழ் என்று நம்புகிறவன். இணை இயக்குநர் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முதல் அறிவிப்பு, சாய்தளப் படங்களை இடக்குறியீட்டுடன் பதிவேற்ற வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஒரு சாய்தளம் சுவரில் போய் முடிகிறது, அதன் படம் போன வருஷமே ஏறிவிட்டது, பாராட்டும் வந்தது. இரண்டாவது, மருத்துவ முகாம். மூன்றாவது, தேர்வில் சொல்வதை எழுதுபவர். நான்காவது ஏதோ செயலி, ஏற்கெனவே இருக்கிற செயலியின் இன்னொரு செயலி. ஐந்தாவதுக்காகக் காத்திருக்கிறேன். ஐந்தாவது எனக்குத் தெரியும், அதன் சுற்றறிக்கை முன்பே வந்துவிட்டது. பதினான்கு வயது நிரம்பிய சிறப்புத் தேவையுடைய மாணவர்களுக்கான மாறுதல் திட்டம். மாறுதல். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசுகிறது. பள்ளி முடிந்தபின் இந்தப் பிள்ளை என்ன செய்யும், எங்கே போகும், யாரோடு இருக்கும், தனியாக பஸ் ஏறுமா, கடையில் சில்லறை வாங்குமா, இதையெல்லாம் பள்ளியில் இருக்கும்போதே யோசித்து, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது, இதுதான் விஷயம். பிள்ளை பள்ளியை விட்டுப் போவதைப் பற்றியதே இல்லை, பள்ளியில் இருந்துகொண்டு செய்வது. வரைவு பார்வைக்கு வந்தபோதே அடுத்த கட்டத் திட்டம் என்று போடுங்கள் என்று நான் எழுதினேன். அலுவலக நடையாக இல்லை என்றார்கள். சரி, பள்ளிக்குப் பின் வாழ்க்கை என்று போடுங்கள். அது சினிமாப் பெயர் மாதிரி இருக்கிறது மேடம் என்றான் நிரஞ்சன், சொற்பட்டியலில் டிரான்சிஷனுக்கு மாறுதல் என்றுதான் இருக்கிறது, அதையே போட்டுவிடுகிறோம். போட்டுவிட்டார்கள். இந்தக் கல்வித் துறையில் மாறுதல் என்றால் என்னவென்று பிறந்த குழந்தைக்குத் தெரியும். மாறுதல் கலந்தாய்வு, மாறுதல் ஆணை, மனமொத்த மாறுதல், நிர்வாக மாறுதல். மே மாதம் வந்தால் ஆசிரியர்கள் தூக்கத்தில் உளறுகிற சொல் அது. மாறுதல் என்றால் பெட்டியைக் கட்டு, கையெழுத்துப் போட்டு விடுபடு, வேறு ஊருக்குப் போ. பதினான்கு வயது நிரம்பியவர்களுக்கு மாறுதல் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் இவர்கள் வேறு என்ன செய்வார்கள்? மாற்றுச் சான்றிதழைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாறுதல், மாற்றுச் சான்றிதழ். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை.

அமெரிக்காவில் நான் இருந்த ஊரில், பனி முழங்கால் வரை கிடக்கும் அந்த ஊரில், இதே விஷயத்துக்கு ஒரு வட்ட மேசை இருந்தது. மார்க்கஸ் என்று ஒரு பையன், உதடு எப்போதும் ஈரமாக இருக்கும், பெரிய உடம்பு, பெரியவனானால் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, பேரங்காடி வாசலில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துத் தள்ளுகிற ஆளாகப் போகிறேன் என்றான். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் அதைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள், அவன் அம்மா, உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், நான். அந்த நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் பள்ளி அவனுக்குப் பயிற்சி 'தரும்' என்று எழுதுவதா 'தரக்கூடும்' என்று எழுதுவதா என்று அந்த அம்மாவின் வக்கீலும் பள்ளியின் வக்கீலும் சண்டை போட்டார்கள், வெளியே இருட்டிப் பனி விழுகிறவரை போட்டார்கள், மார்க்கஸ் மேசையிலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டான். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வக்கீல் உண்டு. இங்கே சொல்லுக்கு நாதியே இல்லை. ஏன் மேடம் அவ்வளவு நல்ல வேலையை விட்டுட்டு வந்தீங்க என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள், ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். சவரிமுத்துவிடம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். முதன்மைக் கல்வி அலுவலரிடம் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றேன், அதுவும் உண்மைதான், அப்பாதான் இப்போது இல்லை. யாரிடமும் சொல்லாத பதில் ஒன்று இருக்கிறது, சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ஒரு பிள்ளை எழுந்திருக்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டது, எல்லோரும் அதற்கு 'கட்டளைக்கு இணங்காமை' என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுதினார்கள், எனக்கோ அது வீம்பு என்று தெரிந்தது. வீம்பு வேறு, இணங்காமை வேறு. வீம்பில் ஒரு செல்லம் இருக்கிறது, வா என்று இன்னொரு தடவை கூப்பிட மாட்டாயா என்று ஓரக்கண் பார்க்கிறது. அதை அந்த மேசையில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாவது வரைக்கும் தமிழ், அப்புறம் எல்லாம் ஆங்கிலம், இரண்டும் கைவசம் இருக்கிறது என்று பெருமைப்பட்டவளுக்கு அன்றைக்கு இரண்டும் கைவிட்டது. நம் ஊருக்குப் போனால் சொல் என் பேச்சைக் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கிறதே, ரொம்ப நன்றாகக் கேட்கிறது.

புதன்கிழமை முத்துப்பேச்சியின் பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சில் அவள் இடம் காலி. காய்ச்சலா என்றால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தலைமையாசிரியை எஸ்தர் ராஜகுமாரி அறையில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். "மாறுதல்னு வந்திருச்சே மேடம், உங்களுக்கும் வந்த அதே பேப்பர்தான். எனக்கும் மனசே இல்ல. போற அன்னைக்கு பிள்ளைங்க எல்லாம் அழுதுச்சு, ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் குடுத்து அனுப்பினோம்." எங்கே மாறுதல் என்றேன். "அது வரும்னு சொன்னாங்க மேடம். பகல்நேர மையமோ என்னமோ." இந்த வட்டாரத்தில் பகல்நேர மையம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மோரைக் குடித்தோம். கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தவரின் மேல் எப்படிக் கோபப்படுவது? வீட்டைத் தேடிப் போனேன். அம்மா மாடத்தி ஆபீசுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இந்தப் பக்கம் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், நான் வந்த புதிதில் இங்கே பெண்களெல்லாம் குமாஸ்தா வேலையில் இருக்கிறார்கள் என்று நினைத்து ஆச்சரியப்பட்டேன். கதவு வெளியே பூட்டியிருந்தது. சின்னப் பூட்டு, சைக்கிள் பூட்டு மாதிரி. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள். காலையிலிருந்து அப்படியேதான் நிற்கிறது, பாவம், வெளியே விட்டா ரோட்டுக்குப் போயிருது, விழுந்தா எழுந்திரிக்கத் தெரியல, நாங்களும் வேலைக்குப் போகணும்ல என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் ஜன்னலுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல், வருகை எடுக்கிற குரலில், முத்துப்பேச்சி என்று கூப்பிட்டேன். ஏன் அப்படிக் கூப்பிட்டேன்? அவள் முகம் பளிச்சென்று ஆகி, கழுத்து இழுத்து, கை மேலே போய்க் கம்பியில் இடித்து, உள்ளே, என்றாள். உள்ளே. அப்புறம் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அந்த 'ன்' வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி, ஆமா உள்ளதான் இருக்கா, சாவி அவ அம்மாகிட்ட, என்று சொல்லிவிட்டாள். பூட்டிய வீட்டுக்குள் மண்ணெண்ணெய், அடுப்பு, ஓரத்தில் ஆபீசிலிருந்து அள்ளிவந்த தீக்குச்சி மூட்டை. அதைப் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்ததிலிருந்து மூட்டை என் மண்டைக்குள் இருக்கிறது.

பஜ்ஜி வந்துவிட்டது. வாழைக்காய் பஜ்ஜி, எண்ணெய் உறிஞ்ச அடியில் பழைய வினாத்தாள். ஐந்தாவதும் வந்துவிட்டது. மாறுதல் திட்டம் என்ற எழுத்துகள் சுழன்று இறங்குகின்றன. "முன்னேற்றம் எப்படி?" என்று நிரஞ்சன் மாவட்டம் மாவட்டமாகக் கேட்கிறான். ஒரு கட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, நூறு சதவீதம் முடித்துவிட்டோம் சார் என்கிறார். அருமை, அருமை என்கிறான் நிரஞ்சன். அவன் மனதில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தங்கள் எதிர்காலத்தைப் பேசுகிறார்கள். அவர் மனதில் வகுப்பு காலி. இரண்டு பேரும் திரைக்கு இரண்டு பக்கமும் புன்னகைக்கிறார்கள். நூறு சதவீதம் என்றால் எத்தனை ஜன்னல், எத்தனை பூட்டு. அடுத்த மாவட்டம் எண்பது சதவீதம், மீதிப் பேருக்குச் சான்றிதழ்ப் படிவம் தீர்ந்துவிட்டதாம். மாறுதலுக்குச் சான்றிதழ்ப் படிவம் எதற்கு என்று நிரஞ்சனுக்கு ஒரு நொடி புருவம் சுருங்குகிறது, சுருங்கட்டும், சுருங்கட்டும், கேள் தம்பி, கேளு, ஒரே ஒரு கேள்வி கேளு. புருவம் விரிந்துவிட்டது. எங்கள் முறை. முதன்மைக் கல்வி அலுவலர் சங்கரலிங்கம் எழுந்து, எங்களுடையதும் ஏறக்குறைய முடிந்தது சார் என்கிறார். நான் கையைத் தூக்குகிறேன். கேமரா என் கையை எடுக்கவில்லை. "சார்" என்கிறேன். "மேடம் ஏதோ சொல்றாங்க, இன்க்ளூசிவ் கோஆர்டினேட்டர், அமெரிக்காவுல இருந்து வந்தவங்க" என்று என்னை அறிமுகப்படுத்துகிறார், ஒவ்வொரு தடவையும் நேற்றைக்குத்தான் விமானத்திலிருந்து இறங்கினவள் மாதிரி. மைக்கை வாங்குகிறேன். சொல்கிறேன். ஒத்திகை பார்த்து வந்ததுதான், காலையில் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். மாறுதல் என்கிற சொல்லுக்கு இந்த இடத்தில் வேறு பொருள் சார், இது இடம் மாறுவது இல்லை, நிலை மாறுவது, பள்ளிப் பருவத்திலிருந்து பெரியவர்களின் வாழ்க்கைக்கு. என் குரல் எனக்கே வகுப்பெடுக்கிற குரலாகக் கேட்கிறது. "ஆமா மேடம், மாறுறதுதான் மாறுதல்" என்கிறார் சங்கரலிங்கம், எனக்கு உதவுகிற முகத்தோடு. பருவம், நிலை, வாழ்க்கை. சொல்லச் சொல்ல, எதிரே முகங்கள் ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் பேச்சைக் கேட்கிற முகங்களாகின்றன, கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. சென்னையில் இணை இயக்குநர் தலையாட்டுகிறார். "ரொம்ப நல்ல கருத்து. எழுத்துப்பூர்வமா அனுப்பிடுங்க." அவ்வளவுதான். முடிந்தது. மைக் கையிலிருந்து போய்விட்டது. எழுத்துப்பூர்வமாக அனுப்பினால் அது எந்தக் கோப்பின் அடியில் போய்ப் படுக்கும் என்று பஜ்ஜித் தட்டுக்கே தெரியும். நிரஞ்சன் ஆறாவது அறிவிப்புக்குப் போகிறான்.

"விடுங்க மேடம், பஜ்ஜி ஆறுது" என்கிறார் சவரிமுத்து. ஆறட்டும். என் காது மடல் சுடுகிறது. நாற்பத்தெட்டு வயதில், இரண்டு மொழி படித்து, இரண்டு நாட்டில் உட்கார்ந்து எழுந்து, ஒரு சொல்லை எதிரே இருக்கிறவருக்குப் புரியவைக்க முடியவில்லை என்றால் நான் என்னதான் கற்றேன். நான் ஏன் அவர்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்? அவர்களிடம்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறதே, கெட்டியான அர்த்தம், நாற்பது வருஷம் அதிலேயே புரண்டவர்கள். சவரிமுத்துவே எட்டு ஊர் மாறியிருக்கிறார், மனைவி ஓர் ஊரிலும் அவர் ஓர் ஊரிலுமாகப் பாதி வாழ்க்கை போயிருக்கிறது, போன வருஷக் கலந்தாய்வைப் பற்றி என்னிடம் ஒரு முழு மத்தியானம் புலம்பினார். ரிலீவ் ஆகிட்டேன் மேடம், போய் ஜாயின் பண்ணலாம்னு பாத்தா அங்க ஏற்கெனவே ஒரு ஆள் உக்காந்திருக்கான், பழைய இடத்துலயும் வேற ஆள் வந்தாச்சு, ரெண்டு எடத்துலயும் இல்லாம பதினெட்டு நாள், எந்த ரிஜிஸ்டர்லயும் எனக்குக் கையெழுத்து இல்ல, பணியேற்பிடைக் காலம்னு பின்னாடி எழுதிக்கிட்டாங்க, அப்ப நான் யாரு மேடம்? பணியேற்பிடைக் காலம். ஓர் இடத்திலிருந்து விடுபட்டு, இன்னோர் இடத்தில் சேர்வதற்கு நடுவில் இருக்கும் நாட்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர். எவ்வளவு நல்ல பெயர். அன்றைக்கு அதைக் கேட்டு நான் என்னைத்தான் நினைத்தேன். அங்கே விடுபட்டாயிற்று, அடையாள அட்டையைக் கொடுத்தாயிற்று, சாவியைக் கொடுத்தாயிற்று. இங்கே இன்னும் சேர்ந்த பாடில்லை, ஓரத்தில் பாதி நெற்றியாக உட்கார்ந்திருக்கிறேன், நேற்று விமானத்திலிருந்து இறங்கினவளாக. முத்துப்பேச்சிக்கு அதுகூட இல்லை. அவளுக்கு நடுக்காலம் இல்லை, ஏனென்றால் போய்ச் சேர்கிற இடமே இல்லை. சேர்கிற இடமே இல்லை. சேர்கிற. என்னமோ ஒன்று முள் மாதிரி மாட்டுகிறது. இடமே இல்லாமல் எப்படி விடுவித்தார்கள்? காலியிடம் இல்லாமல் மாறுதல் ஆணை போட முடியுமா? முடியாதே. ஒரு பியூனுக்குக்கூட முடியாதே.

"சார்" என்கிறேன், மைக் இல்லாமல், வகுப்பில் கத்துகிற குரலில். நிரஞ்சன் நின்றுவிடுகிறான். சங்கரலிங்கம் திரும்புகிறார், இந்தத் தடவை உதவுகிற முகம் இல்லை. "ஒரே ஒரு சந்தேகம் சார். மாறுதல் பெற்ற மாணவர்கள் எந்தப் பள்ளியில பணியேற்கணும்?" பணியேற்கணும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பணியேற்கிறது. என் காதாலேயே கேட்கிறேன், வெட்கமாக இருக்கிறது, நிறுத்தவில்லை. "ஆணையில சேரும் இடம் குறிப்பிடல சார். காலியிடமும் காட்டல. சேருற இடம் இல்லாம பள்ளிகள்ல பணிவிடுவிப்பு செஞ்சிட்டாங்க." பிறகு அறை விழித்துக்கொள்கிறது. இத்தனை நேரம் இறந்துகிடந்த நாற்காலிகளெல்லாம் கிறீச்சிடுகின்றன. "அதானே!" என்று சவரிமுத்து பஜ்ஜியைத் தட்டில் போடுகிறார். "இடம் காட்டாம எவன் ரிலீவ் பண்ணச் சொன்னது? நாளைக்கு ஆடிட் வந்தா யாரு பதில் சொல்றது?" "வேகன்சி இல்லாம ஆர்டர் போட்டா ஆர்டரே செல்லாது" என்று பின்வரிசையில் ஒருவர். "என்னை அப்படித்தான் சார் தொங்கல்ல விட்டாங்க" என்று இன்னொருவர், அது எந்த வருஷக் காயமோ. "அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம பிள்ளைங்க எங்க சார் போகும்?" இது தலைமையாசிரியர்கள் வரிசையிலிருந்து எஸ்தர் ராஜகுமாரி, குரல் உடைகிறது, அவரைத் திரும்பிப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையிலும் கட்டம் கட்டமாகக் கைகள் எழுகின்றன, எங்களுக்கும் இதே சந்தேகம் சார், எங்களுக்கும் சார். நூறு சதவீதக்காரர் எழுந்து, நாங்க நிபந்தனையோடதான் சார் விடுவிச்சோம் என்று சொல்லிப் பார்க்கிறார். நிரஞ்சன் பாவம், விடுவிப்பா, யாரை யார் விடுவிச்சாங்க என்று அங்கே பக்கத்தில் கேட்கிறான். இணை இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். இவ்வளவு நேரத்தில் முதன்முறையாக அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. "சேரும் இடம் குறித்து அரசிடம் தெளிவுரை பெறப்படும் வரை, மாறுதல் அளிக்கப்பட்ட மாணவர்கள் அனைவரும் பழைய பள்ளியிலேயே தொடரணும். வழங்கிய சான்றிதழ் எல்லாம் ரத்து. எல்லா மாவட்டத்துக்கும் இது பொருந்தும்." குறித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் குனிந்து குறித்துக்கொள்கிறார்கள், ஒரே நேரத்தில், அந்தப் பனி ஊர் மேசையைப் போலவே. எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, அதைவிடப் பெரிதாக எரிச்சல் வருகிறது. ஜெயித்துவிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஜெயித்துவிட்டேன். தெளிவுரை வராது. இந்தத் துறையில் கேட்ட தெளிவுரை வந்ததாகச் சரித்திரம் இல்லை. வராத தெளிவுரைக்காகக் காத்திருந்தே அந்தப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்துவிடுவார்கள். பள்ளிக்குப் பின் அவள் என்ன செய்வாள் என்று யாரும் அவளை உட்கார வைத்துக் கேட்கப்போவதில்லை, அது இன்னொரு சண்டை, அதற்கு இன்னொரு சொல் தேட வேண்டும், அந்தச் சொல்லையும் இவர்கள் வாயிலிருந்துதான் பிடுங்க வேண்டும். "சூப்பர் மேடம்" என்கிறார் சவரிமுத்து, "நீங்களும் நம்ம டிப்பார்ட்மென்ட் ஆள் ஆகிட்டீங்க." திட்டுகிறாரா பாராட்டுகிறாரா? பஜ்ஜியை எடுத்துக் கடிக்கிறேன். ஆறிப்போயிருக்கிறது.

வராந்தாவில் எஸ்தர் ராஜகுமாரி செருப்பு மாட்டிக்கொண்டே நிற்கிறார். "திங்கக்கிழமை அனுப்பச் சொல்லுங்க மேடம். ரிஜிஸ்டர்ல பேரை எழுதிர்றேன். ஆனா கடைசியிலதான் எழுத முடியும், பழைய நம்பர் போயிருச்சு." கடைசியிலா, கடைசி என்றால் மணி அடித்துவிடுமே, ஆசிரியர் மூடி வைத்துவிடுவாரே, திரும்பவும் நின்று நின்று பழக்க வேண்டுமே என்று எனக்குள் ஏறுகிறது. அவர் கைப்பையை மாட்டிக்கொள்கிறார். "கடைசின்னா நல்லதுதான் மேடம். அவளுக்கு அடுத்து யாரும் கிடையாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்." போய்விட்டார். வெளியே இருட்டத் தொடங்கியிருக்கிறது, ஜீப்புகள் ஒவ்வொன்றாக உறுமுகின்றன, என்னை ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன சவரிமுத்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கைகாட்டுகிறார். மாடத்தி ஆபீசிலிருந்து வந்திருப்பாள். போன் போடுகிறேன். விஷயத்தை எப்படிச் சொல்வது, எங்கே தொடங்குவது, நிலை மாறுதல், இட மாறுதல், தெளிவுரை. "ஏம்மா, அப்ப பாப்பாவுக்கு டிரான்ஸ்பர் கேன்சலா?" என்கிறாள் மாடத்தி, நான் வாயைத் திறப்பதற்குள். எஸ்தர் முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். "ஆமாக்கா. கேன்சல்." "நல்லாயிருங்கம்மா. பூட்டிட்டுப் போறப்ப எனக்கு உசுரே இல்ல. நீங்க வந்துட்டுப் போனப்புறம் நேத்தெல்லாம் குச்சி மூட்டையத் தூக்கிப் பக்கத்து வீட்டுல போட்டுட்டுல்ல போனேன். இந்தா, உங்க குரலக் கேட்டதும் பிடுங்குறா, பேசுங்க." போன் எதிலோ இடிக்கிறது, மூச்சு கேட்கிறது, பக்கத்தில் மூச்சு. என்ன கேட்பது. திங்கட்கிழமை போகலாம் என்று சொல்லலாம். ஜியாமெட்ரி பாக்சைப் பற்றிக் கேட்கலாம். "முத்துப்பேச்சி" என்கிறேன், வருகை எடுக்கிற குரலில். "உள்ளே" என்று வருகிறது. பிறகு ஒன்றும் வரவில்லை. கழுத்து இழுத்துக்கொண்டிருக்கும். கை மேலே போய்க்கொண்டிருக்கும். ஒரு ஜீப் என்னைக் கடந்து போகிறது, இன்னொன்று போகிறது, காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொள்கிறேன். மத்தியானத்திலிருந்து காத்திருந்ததெல்லாம் எரிச்சலாக இருந்தது, இது இல்லை. சவரிமுத்து ஜீப்பிலிருந்து தலையை நீட்டுகிறார். "என்ன மேடம், லைன் கட்டாயிருச்சா?"

"இல்ல சார்" என்கிறேன். "பேசிட்டிருக்கா."